உறுதி

வெள்ளவத்தையில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்காரர் நல்ல மனிதர். பழைய நாட்களில் என்னைக் கண்டதும், "என்ன, புதிசா ஏதும் எழுதினியளே?" என்று கேட்பார். நான் பதில் சொல்லத் தொடங்குமுன் வெங்காயம் நிறுக்கப் போய்விடுவார். எழுத்தாளனுக்கு அந்த அளவு மரியாதையே அதிகம் என்பது என் அபிப்பிராயம். 2022-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்தக் கேள்வி மாறிவிட்டது. "என்ன, நீங்கள் இன்னும் போகேல்லையே?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. அந்த நாட்களில் அப்படி யாரும் கேட்பதில்லை. வேலைக்காக வெளிநாடு போவதாகப் பதிவு செய்துகொண்டவர்களின் தொகை மட்டும் அந்த ஒரு வருடத்தில் 3 இலட்சத்தைத் தாண்டியது. பத்தரமுல்லையில் கடவுச்சீட்டு அலுவலகத்தின் முன்னால் பொழுது விடியுமுன்பே வரிசை நின்றது. அந்த வரிசையில் ஒரு நாள் நானும் நின்றேன். மனைவியிடம், "எதற்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனேன். தமிழில் இதைவிடக் கோழைத்தனமான வாக்கியம் வேறு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்குப் பின்னால் நின்ற இளைஞன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். எழுதுகிறவனுக்கு இந்த விபத்து எப்போதாவது நேர்வதுண்டு. "சேர், உங்கடை நாவலிலை கதாநாயகன் கடைசியிலை ஊரிலேயே நிண்டிடுவான், என்ன?" என்றான். ஆமென்று தலையசைத்தேன். அவன் வரிசையின் நீளத்தை ஒருமுறை பார்த்தான். என்னையும் பார்த்தான். பிறகு மிகுந்த நாகரிகத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். விமர்சகர்கள் பலர் என்னைத் தாக்கியிருக்கிறார்கள். அந்தப் பையனைப்போல் ஒருவரும் தாக்கியதில்லை.

அந்த வருடத்தின் கதையை நம் நாட்டு வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் 360 ரூபா. மார்ச் முடிவில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்சாரம் இல்லை. ஏப்ரல் 12-ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தி வைப்பதாக நாடு அறிவித்தது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதம் அளவுக்குப் போயிற்று. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாத காரணத்தால் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். என் மகள் அதைக் கேட்டுக் கைதட்டினாள். அதே கடதாசித் தட்டுப்பாட்டினால் என் நாவல் ஒன்றும் அச்சேறாமல் நின்றது. அதற்கும் யாராவது எங்காவது கைதட்டியிருக்கக்கூடும்.

இத்தனையையும் தாங்கியிருப்போம். எரிவாயு இல்லாவிட்டால் மண்ணெண்ணெய், மண்ணெண்ணெய் இல்லாவிட்டால் விறகு என்று எங்கள் தலைமுறைக்கு யுத்தகாலப் பயிற்சி நிறைய உண்டு. எங்களை அசைத்தது வீட்டுக்காரரின் கடிதம். அவர் இலண்டனில் இருக்கிறார். எட்டு வருடமாக அவருடைய அடுக்குமாடி வீட்டில்தான் குடியிருந்தோம். "நீங்கள் தரும் வாடகை பவுணாக மாறும்போது பாதியாகிவிடுகிறது. இரட்டிப்பாக்கித் தர முடியுமா, அல்லது வீட்டை விற்கட்டுமா?" என்று கேட்டிருந்தார். மிகவும் பண்பான கடிதம். அவர் கணக்கிலும் பிழையில்லை. என் சம்பளம் மட்டும் பவுணாக மாறாமல் ரூபாவாகவே இருந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம் கணக்கியல் படித்தவன் நான். ஒரு சிறிய கம்பனியில் பகலில் கணக்கு எழுதி, இரவில் கதை எழுதிப் பிழைக்கிறேன்.

அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி என் ஆயுளில் நான் உறங்கிய கூரைகளை எண்ணிப் பார்த்தேன். பதினான்கு வந்தது. அதில் முதலாவது மட்டுமே எங்களுடையது.

அந்த முதலாவது வீடு வலிகாமம் வடக்கில், சிவந்த மண்ணில், மிளகாய்த் தோட்டத்தின் நடுவே இருந்தது. 1990 ஜூன் மாதம் யுத்தம் மறுபடியும் தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. ஷெல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில் புறப்பட்டோம். இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடலாம் என்று அம்மா தோசைக்கு ஊறப்போட்ட உளுந்தைக்கூட அப்படியே மூடி வைத்தாள். அப்பா மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியை மட்டும் எடுத்து வந்தார். அதில் காணி உறுதி இருந்தது. எங்கள் ஊரில் நிலப் பத்திரத்துக்கு உறுதி என்றுதான் பெயர். யார் அந்தப் பெயரை வைத்தாரோ, அவர் எங்களைப்போல் இடம்பெயர்ந்தவராக இருந்திருக்க முடியாது.

அந்தப் பகுதி பின்பு உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 1995 அக்டோபர் 30-ஆம் திகதி இரவு யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது, அந்தப் பெட்டி அப்பாவின் தலைமேல் துவாயின்மீது இருந்தது. வன்னியிலும் இருந்தது. கொழும்பில் என் லொட்ஜ் அறைக் கட்டிலின் கீழும் இருந்தது. காணிகளைப் பகுதி பகுதியாக விடுவித்தார்கள். எங்கள் துண்டு 2015-ல் கிடைத்தது. அப்பா அதற்கு மூன்று வருடம் முன்பே போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது கிணறும் அத்திவாரமும் இருந்தன. சுவர்கள் இல்லை. சமையலறை இருந்த இடத்தில் ஒரு வேப்ப மரம் நின்றது.  கட்டலாம் என்று சிறிது சிறிதாகச் சேர்த்தேன். 2022-ல் சீமெந்தின் விலை ஒரு வருடத்துக்குள் இரட்டிப்புக்கும் மேல் ஏறியபோது அந்தச் சேமிப்பு ஒரு குளியலறைக்கும் போதாததாகிவிட்டது.

இந்தக் கட்டத்தில்தான் ரொறன்ரோவிலிருந்து மைத்துனன் பேசினான். மனைவியின் தம்பி. ஸ்காபரோவில் இருபது வருடமாக இருக்கிறான். "அத்தான், கீழ் வீடு சும்மாதான் கிடக்கு. வாங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றான். கீழ் வீடு என்பது அங்கே நிலத்துக்குக் கீழே உள்ள வீடு. சன்னலின் உயரத்தில் புல் தெரியும். மாரிகாலத்தில் பனி தெரியும்.

முறைப்படி போக முடியுமா என்று முதலில் பார்த்தேன். குடியேற வருகிறவர்களைக் கனடா புள்ளி போட்டுத் தெரிவு செய்கிறது. 20 முதல் 29 வயது வரை முழுப் புள்ளி. அதன்பின் வருடத்துக்கு வருடம் குறைந்து 45-ல் பூஜ்யம். எனக்கு 44. மொழிக்கும் புள்ளி உண்டு. ஆனால் ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் மொழி. பதினொரு புத்தகம் எழுதிய பாஷைக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. நாவலாசிரியனுக்கு நாற்பதுக்கு மேல்தான் கை பழகும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கனடா அரசாங்கத்தின் கொள்கை வேறு.

"அத்தான், அந்த வழியெல்லாம் உங்களுக்குச் சரிவராது" என்றான் மைத்துனன். 2023-ஆம் ஆண்டு அது. விசிட்டர் விஸாவில் கனடா போவது யாழ்ப்பாணம் முழுவதும் பேச்சாயிருந்தது. போய் இறங்கிய பிறகு அகதியாக விண்ணப்பிப்பது. பலர் அப்படிப் போனார்கள். "ஒரு கதை எழுதிக் குடுக்கோணும். என்ன நடந்தது, ஏன் திரும்பிப் போக ஏலாது எண்டு. எங்கடை சனம் அதுக்கு ஆரிட்டையெல்லாமோ காசு குடுத்து எழுதுவிக்குது. உங்களுக்கென்ன அத்தான், கதை எழுதிறது கஷ்டமே?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அங்கே இரவு பதினொரு மணி. இரண்டாவது வேலை முடிந்து வந்து பேசிக்கொண்டிருந்தான்.

மனைவிக்கு இதில் பெரும் நம்பிக்கை இருந்தது. அவள் அரசாங்கப் பாடசாலை ஆசிரியை. 2022 ஜூனில் அரசாங்கமே தன் ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை விட்டிருந்தது. வேலை போகாது, போய்ப் பார்க்கலாம் என்பது அவள் கணக்கு. ஆகவே ஒரு சனிக்கிழமை இரவு, மகள் படுத்தபின், மேசையில் உட்கார்ந்தேன். மனைவி தேநீர் வைத்துவிட்டுப் போனாள். நான் நாவல் எழுதும்போது அவள் தேநீர் வைத்ததில்லை.

முதல் பக்கம் தானாக வந்தது. 1990 ஜூன், ஊறப்போட்ட உளுந்து, அவிழ்த்துவிட்ட மாடு, தகரப் பெட்டி. ஒரு வார்த்தை பொய்யில்லை. எழுதி முடித்து மைத்துனனுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பேசினான். குரல் கம்மியிருந்தது.

"வாசிச்சு அழுதிட்டன், அத்தான். ஆனா இது தொண்ணூறாம் ஆண்டுக் கதை. இப்ப உங்களுக்கு என்ன பயம் எண்டுதான் அவங்கள் கேப்பாங்கள்."

நியாயமான கேள்வி. தாளை எடுத்து, இப்போது எனக்குள்ள பயங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினேன். வாடகை. அடுத்த வருடம் எந்தக் கூரையின் கீழ் என்பது. மகளின் படிப்பு. நோய் வந்தால் மருந்து கிடைக்குமா என்பது. முதுமை. எல்லாம் உண்மையான பயங்கள். இரவில் விழிப்புத் தட்ட வைக்கிற பயங்கள். ஆனால் 1951-ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் ஏற்றுக்கொள்ளும் காரணங்கள் ஐந்துதான்: இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து. இவற்றில் ஒன்றுக்காக ஒருவன் துன்புறுத்தப்படுவான் என்ற பயம் இருக்க வேண்டும். வாடகை கட்ட முடியாதவன் அகதி அல்ல. வீடு போனபோது பதினொரு வயதுப் பையன் எங்கள் ஊர்ப் பேச்சில் அகதிதான்; முப்பத்து மூன்று வருடம் கழித்து வாடகைக்கு அஞ்சும் நடுவயது மனிதன் அகதி அல்ல. சட்டம் சொல்வது எனக்கு விளங்கியது. ஆனால் அந்தப் பையனையும் இந்த மனிதனையும் எந்த இடத்தில் வெட்டிப் பிரிப்பது என்பதுதான் விளங்கவில்லை.

ஆகவே இரண்டாம் பக்கத்தை எழுதத் தொடங்கினேன். "சென்ற மாதம் ஒரு இரவு இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள்."

பேனா மிகவும் சுலபமாக ஓடியது. அந்தச் செருப்பு நல்ல விவரம். பொய் சொல்கிறவன் துப்பாக்கியைச் சொல்லுவான். நடந்ததைச் சொல்கிறவன்தான் செருப்பைச் சொல்லுவான். வாசிக்கிற அதிகாரி நம்பிவிடுவார். என் தொழில் திறமையில் எனக்கே ஒரு திருப்தி உண்டாயிற்று. அந்தத் திருப்தியோடு தேநீரைக் குடிக்கும்போதுதான், இந்தச் செருப்பை நான் எங்கே கண்டேன் என்று ஞாபகம் வந்தது.

அது என் கற்பனை அல்ல. எங்கள் ஊரிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு தாய் எனக்குச் சொன்னது. அவளுடைய மகனைத் தேடி வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார்களாம். அவ்வளவு மரியாதையானவர்கள் பிள்ளையை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நம்பி, அவளே உள் அறையிலிருந்து அவனைக் கூப்பிட்டாளாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வீதியோரம் உட்காரத் தொடங்கியபோது, அவளும் படத்தோடு போய் உட்கார்ந்தாள். அவளிடம் உள்ளது அந்தப் படமும் அந்தச் செருப்பு ஞாபகமும்தான். அதில் ஒன்றை நான் என் வாடகைப் பிரச்சினைக்காக எடுத்து வைத்திருந்தேன்.

போனவர்களை நான் குறை சொல்லவில்லை. உண்மையாகவே கதவு தட்டப்பட்டுப் போனவர்கள் அவர்களில் உண்டு. தட்டப்படாமல் போனவர்களுக்கும் பசியும் பிள்ளைகளும் உண்டு. நான் சொல்வது என் மேசையில் இருந்த தாளைப் பற்றி மட்டும். அதைக் கிழித்தேன்.

காலையில் மனைவி கேட்டாள். சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நாவலிலை எத்தினை பொய் எழுதிறியள். பிள்ளைக்காக ஒண்டு எழுத ஏலாதே?"

"இது அப்பிடியில்லை. உமக்கு விளங்கும்."

"எனக்கு விளங்குது. நீங்கள் நல்லவர் எண்டு உங்களுக்கே காட்டுறதுக்கு என்ரை பிள்ளை விலை குடுக்கோணும். அதுதானே?"

இதற்கு நான் ஒரு பெரிய பதில் சொன்னேன். மொழி, மண், வாசகர்கள், எழுத்தாளனின் வேர் என்றெல்லாம் பேசினேன். மேடையில் அந்தப் பேச்சுக்குக் கைதட்டல் கிடைத்திருக்கும். அவள் மகளின் தலைமுடியைப் பின்னிக்கொண்டே கேட்டாள். பின்னி முடித்து ரிப்பனையும் கட்டிவிட்டு, மகளை வெளியே அனுப்பியபின் சொன்னாள்:

"என்னப்பா, அங்கை போனால் உங்களை ஒருத்தருக்கும் தெரியாது. ஏதோ ஒரு கோடவுனிலை பெட்டி தூக்கோணும். அதுக்குத்தான் பயம். பயம் எண்டால் பயம் எண்டு சொல்லுங்கோ. அந்தத் தாளிலை பொய் எழுதமாட்டன் எண்டிட்டு, இஞ்சை எனக்கு ஏன் பொய் சொல்லுறியள்?"

இருபது வருட இல்லற வாழ்க்கையில் என் எழுத்தைப் பற்றி அவள் சொன்ன ஒரே விமர்சனம் அதுதான். சரியான விமர்சனமும் அதுதான். கிழித்த தாளைப் பற்றி நான் சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால் இன்னொரு உண்மை செருப்பைக் கழற்றிவிட்டுப் பதுங்கி நின்றது. வெள்ளவத்தைக் கடைக்காரர் கேட்கிற, "புதிசா ஏதும் எழுதினியளே?" என்ற அரை மரியாதையை இழக்க எனக்கு மனமில்லை. அதன் விலை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள் என்று நான் அதுவரை கணக்குப் பார்த்ததில்லை. கணக்கு எழுதுவது என் தொழில் என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

"ஓம், பயம்தான்" என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். "சரி. இனி என்ன செய்யிறது எண்டு பேசுவம்" என்றாள்.

அதன் பிறகுதான் நாங்கள் உண்மையாகப் பேசினோம். நாலைந்து மாதம் பேசினோம். போகாமல் விடுவதால் யாருக்கு என்ன நட்டம் என்று ஒரு தாளில் எழுதினோம். அவள் பக்கத்தில்தான் நட்டம் நீளமாயிருந்தது. அதை நானே எழுதி, நானே கூட்டிக் காட்டினேன். கடைசியில் அவள்தான் சொன்னாள், கொழும்பு வாடகையில் இரண்டு வருடத்துக் காசு இருந்தால் ஊரில் இரண்டு அறை போடலாம் என்று. அவள் யாழ்ப்பாணத்துக்கு இடமாற்றம் எழுதிப் போட்டாள், கிடைத்தது. அவளுடைய காப்பு இரண்டும் வங்கிக்குப் போயின. என் கணக்கு வேலையில் பாதியைக் கம்பியூட்டரில் ஊரிலிருந்தே செய்ய முதலாளி சம்மதித்தார். மறு பாதிச் சம்பளம் போயிற்று. 2024 தொடக்கத்தில் பழைய அத்திவாரத்தின் ஒரு மூலையில் இரண்டு அறையும் ஒரு குசினியும் எழுந்தன. ஓடு போடக் காசில்லை. சீற்தான் போட்டோம். மத்தியானத்தில் அடுப்புப்போல் இருக்கும். வேப்ப மரத்தை வெட்டாமல் குசினியைத் தள்ளிக் கட்டினோம். பதினைந்தாவது கூரை.

இது வெற்றிக் கதை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நாட்டின் நிலைமை 2022-ல் இருந்ததுபோல் இல்லை, வரிசைகள் போய்விட்டன, 2024 முடிவில் டொலர் 300 ரூபாவுக்குச் சற்றுக் கீழே நின்றது. ஆனால் ஏறிய விலைகள் இறங்கவில்லை. எங்கள் காப்பும் திரும்பவில்லை. எங்களுக்கு அடுத்த காணிக்காரர்கள் நால்வரும் வெளிநாட்டில். இரவில் ஒரு விளக்கும் தெரியாது. மனைவி சில வேளை முற்றத்தில் நின்று அந்த இருட்டைப் பார்ப்பாள். என்ன யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கேட்பதில்லை.

மைத்துனனுக்கு முதலில் கோபம். பிறகு ஆறிவிட்டது. அவனுக்கும் கஷ்டகாலம். ரொறன்ரோவில் வீட்டு விலை உச்சத்தில் இருந்தபோது, 2022 தொடக்கத்தில், பெரிய கடனில் வீடு வாங்கியவன். சராசரி வீட்டின் விலை அப்போது 13 இலட்சம் டொலருக்கு மேல். கனடா மத்திய வங்கியின் வட்டி அந்த நேரத்தில் கால் வீதம். 2023 ஜூலையில் 5 வீதம். வட்டி ஏற ஏறக் கட்டுகாசும் ஏறுகிற கடன் அவனுடையது. கீழ் வீட்டை எங்களுக்குச் சும்மா தருவதாகச் சொன்ன அதே மாதங்களில் அவன் இரண்டாவது வேலை தேடிக்கொண்டிருந்தான் என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். எங்களைக் கூப்பிட்டபோது அதைச் சொல்லவில்லை. அதுவும் ஒரு பொய்தான். அந்தப் பொய்யை நினைக்கும்போது என் உண்மை எனக்குக் கொஞ்சம் சிறுத்துத் தெரிகிறது.

மகள் இப்போது உயர்தரம் படிக்கிறாள். கெட்டிக்காரி. வெளிநாட்டில் படிக்க வேண்டும் என்று சொல்கிறாள். வயதும் புள்ளியும் அவள் பக்கம் இருக்கின்றன. சென்ற வாரம் தன் கடவுச்சீட்டை எங்கே வைப்பது என்று கேட்டாள். அலுமாரியின் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும். அது அவளுக்கும் தெரியும். உறுதியை விரித்துப் பார்த்தாள். பழைய எழுத்து அவளுக்கு வாசிக்க வரவில்லை.

"அப்பா, நான் போனால் இந்த வீடு ஆருக்கு?" என்று கேட்டாள்.

"உனக்குத்தான்" என்றேன்.

அவள் கடவுச்சீட்டை உறுதியின் மேல் வைத்துப் பெட்டியை மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, துருப்பிடித்திருந்தது. இரண்டு பேருமாக அமர்த்தி மூடினோம்.